அடுத்த வாரத்துப் பூ

படுக்கை விரிப்பு ஆலையில் பூ வரைந்து வரைந்து, பூ என்றாலே அவளுக்குக் குமட்டியது. வாரத்துக்கொரு புதுப் பூ வேண்டுமென்றால் அவள் எந்தக் காட்டுக்குப் போவாள்? அலுத்துப்போய் ஒருநாள், வீட்டுக் குளியலறையில் செத்துக் கிடந்த கரப்பான்பூச்சியின் சிறகு நரம்புகளை அப்படியே வரைந்து, பச்சை வண்ணம் தீட்டிக் கொடுத்தாள்.

"அடடா, என்ன இலைம்மா இது?" என்று சொக்கிப்போனார் முதலாளி.

"ஏதோ காட்டு இலைங்க," என்றாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

அந்த விரிப்பு சக்கைப்போடு போட்டது. அவள் வீட்டுக் கட்டிலுக்கும் ஒன்று வந்தது. அதன்மேல் ஒரு கரப்பான்பூச்சி ஏற, கணவன் செருப்பை ஓங்கினான்.

"நசுக்கிடாதீங்க," என்றாள், படுத்தபடியே. "வயித்துப் பக்கம் நான் இன்னும் வரையல. அடுத்த வாரத்துப் பூ அதுதான்."