ஓடையின் குறுக்கே ஒரு கயிறு

1997 நவம்பர் 12, புதன்கிழமை. மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. அம்மா கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்தாள்; நான் கோழிகளைத் திறந்துவிட்டுத் தலை பின்னிக்கொண்டேன். எனக்குப் பத்து வயது. நைனா குவைத்தில் வேலையிலிருந்தார். ஆகையால் நர்ஸ் படிப்பு முடித்த அக்காவைத் திருப்பதி ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்கு அழைத்துப்போகும் பொறுப்பு நைனாவின் அண்ணனுக்கு வந்தது. பெரியநைனாவோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

விஜயபுரத்துக்கு அருகில், எங்கள் ஊரைத் தாண்டியதுமே தரைப்பாலத்தின் மேல் ஓடை இடுப்பளவு ஓடியது. பஸ் நின்றுவிட்டது. எதிர்க்கரையில் நின்ற பஸ் திருப்பதிக்கே திரும்பப் போவதாகச் சொன்னார்கள். அதைப் பிடிக்காவிட்டால் வேலை வேறொருத்திக்கு. அக்கா சர்டிபிகேட் பையை அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பெரியநைனா பஸ்மேல் மூட்டை கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்து, நான் பிறக்கும் முன்பே ஒரு போருக்கும் போய்வந்தவர். அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கயிற்றைப் புளியமரத்தில் கட்டி, கோலால் தரையைத் தட்டிப் பார்த்தபடி தண்ணீரில் இறங்கி, மறுமுனையை அக்கரையில் இழுத்துக் கட்டினார்.

"மிலிட்டரி, நீ முழுகிப்போனா பென்ஷன் யாருக்கு?" என்று கத்தினார் எங்களோடு பஸ்ஸில் வந்த பால்காரர்.

"ஒனக்குத்தான் எழுதி வெச்சிகிறேன். கயித்த வுடாம வா."

ஒவ்வொருவராகக் கடத்தினார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அக்கரையில் எல்லோரையும் தோளைத் தொட்டு எண்ணினார். எட்டுப் பேர். மறுபடியும் எண்ணினார். பஸ் ஹாரன் அடித்தது. அவர் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் வந்துட்டோம், பெரியநைனா."

"ஆமாம்மா" என்றார். நகரவில்லை. அக்காதான் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போக வேண்டியிருந்தது.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. என் படிப்பும், எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டதும் அந்தச் சம்பளத்தில்தான்; இன்றும் பெரியநைனாவை நினைத்தால் கை தானாகக் குவிகிறது. போரில் எந்த ஆற்றைக் கடந்தார், எண்ணியபோது அங்கே யார் குறைந்தார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. கேட்கத் தோன்றும் வயதும் அப்போது எனக்கில்லை.

அன்று சாயங்காலமே வெள்ளம் வடிந்து ஊர் திரும்பினோம். மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல் அவர் ஓடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர் போன திசையில் நெடுந்தூரம் நடந்து, கரையோரப் புதர்களை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"இன்னா தேடறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்று அடுத்த புதருக்குப் போனார். நானும் குனிந்து பார்த்தேன்.