பெயரை மறைத்துவிட்டுக் குதிரை பார்ப்பவர்

தேவராஜா அண்ணா எந்தக் குதிரையின் மேலும் ஒரு காசு கட்டியவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் ஏழு மாதம் அவரைச் சூதாடி என்று நினைத்து, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

நாங்கள் இருவரும் சிட்னியின் மேற்கே, பெண்டில் ஹில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். நான் நர்ஸ். பெயர் பார்கவி, சைதாப்பேட்டைக்காரி. அவர் துப்புரவு வேலை. சாவகச்சேரிக்காரர், ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். அவர் துடைத்த தரையில் ஷூ போட்டு நடக்க எனக்குக் கூச்சமாக இருக்கும். கிரவீனில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். அதனால் காலையில் என் காரிலேயே ஏற்றிக்கொண்டு வருவேன்.

ஒரு நாள் அவருடைய தள்ளுவண்டியில், பிளீச் பாட்டிலுக்கும் கையுறைப் பெட்டிக்கும் நடுவே ஒரு மடித்த தாளைப் பார்த்தேன். பிரித்தால் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயப் பட்டியல். மூன்று இடத்தில் பென்சில் வட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவுக்குக் கிண்டி ரேஸ்தான் கோயில், குளம் எல்லாம். அவர் மாலையில் திரும்பி வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஜெயித்தாரா தோற்றாரா என்று நானும் அம்மாவும் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் தோற்ற சத்தம்தான். அந்த வீட்டில் வளர்ந்தவள் கண்ணில் ரேஸ் தாள் பட்டால் என்ன ஆகும்? மறுநாளிலிருந்து என் காரில் அவருக்கு இடமில்லை. "இனிமே நான் வேற வழியா போவேன் அண்ணா" என்று ஒரு பொய் சொன்னேன். "ஓம் தங்கச்சி, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார். 

என் கணவர் நரேன், எனக்கு இருக்கும் கோபத்துக்கு மேனேஜர் பதவி வராமல் இருப்பதே நல்லது என்பார். குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லையாம். அவர் கேலியாகச் சொல்வது. பின்னால் யோசித்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

போன ஜூனில் ஹார்ட்லி என்ற பெரியவர் மனைவி மோரீனோடு எங்கள் இல்லத்துக்கு வந்தார். யார்க்‌ஷயரிலிருந்து ஐம்பது வருடத்துக்கு முன் வந்து குடியேறியவர்கள். பக்கவாதம் வந்து ஹார்ட்லிக்கு வலது கை போய்விட்டது. சில சொற்களைத் தவிரப் பேச்சும் போய்விட்டது. மோரீனுக்கு மனது தெளிவு, முழங்கால்தான் தகராறு. இருவருக்கும் அடுத்தடுத்த அறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மா தள்ளுநடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து, அவருடைய இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். மத்தியானம் வரை அப்படியே இருப்பார்கள். கல்யாணமாகி ஐம்பத்தெட்டு வருடம்.

இரண்டு வாரத்தில் ஹார்ட்லி கத்த ஆரம்பித்தார். தினமும் காலை ஒன்பது மணிக்கு. "மூன்று, இரண்டு, ஒன்று, எஃப், பி, பி" என்று எண்ணும் எழுத்துமாகக் கலந்து சொல்லி மேசையைத் தட்டுவார். "வெதர்பி" என்பார். யார் வெதர்பி என்று மோரீனைக் கேட்டால், ஆள் இல்லை, இங்கிலாந்தில் தங்கள் பக்கத்து ஊர், அதை ஏன் சொல்கிறார் என்று தெரியவில்லை என்றார். நாங்கள் விழிப்பதைப் பார்த்து ஹார்ட்லிக்கு இன்னும் ஆத்திரம் வரும். ஒரு நாள் தேநீர்க் கோப்பை சுவரில் மோதி உடைந்தது.

அன்றைக்கு அந்தச் சில்லுகளைக் கூட்டி அள்ளியவர் தேவராஜா அண்ணாதான். அள்ளி முடித்து என் மேசைக்கு வந்து, குரலைத் தணித்துச் சொன்னார்.

"தங்கச்சி, அந்த ஐயா விசர்க்கதை கதைக்கேல்லை. அது ரேஸ் நம்பருகள். ஒரு குதிரை கடைசியா ஓடின ஓட்டங்களை அப்பிடித்தான் எழுதுறது. எஃப் எண்டால் விழுந்தது. பி எண்டால் பாதியில நிப்பாட்டினது. வெதர்பி அங்கத்தைய ரேஸ் மைதானம்."

ரேஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே என் காது அடைத்துக்கொண்டது. இந்த மனிதருக்கு எதைப் பார்த்தாலும் குதிரையாகத்தான் தெரியும் என்று நினைத்தேன். "நீங்க உங்க வேலையைப் பாருங்க அண்ணா" என்றேன், பக்கத்தில் இரண்டு பேர் கேட்கும்படி. அவர் தலையை ஆட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

பக்கவாதம் பேச்சை எடுத்துக்கொண்டு அறிவை விட்டுவைக்கலாம் என்று பாடத்தில் படித்தவள் நான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இருந்தும், தேதி கேட்டால் தப்பு, ஆம் இல்லை கேட்டால் தப்பு, கோப்பை பறக்கிறது என்று அடுக்கடுக்காக ஆனபோது நானே கோப்பில் எழுதினேன்: அர்த்தமில்லாத எண்களைக் கத்துகிறார், புரிந்துகொள்ளும் திறன் இல்லை, மறதிநோய் முற்றியிருக்கலாம். அதன்பேரில் அவரை மறதிநோயாளர்களின் பூட்டிய பிரிவுக்கு மாற்றலாமா என்று பார்க்க, அடுத்த வியாழன் ஒரு டாக்டர் வருவதாக முடிவானது. அந்தப் பிரிவு வேறு கட்டிடத்தில், காரில் நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கிறது. மோரீனுக்கு அங்கே இடம் கிடையாது. வாரம் ஒரு முறை வண்டி ஏற்பாடு செய்யலாம் என்று அவரிடம் சொல்லும் பொறுப்பும் என்னிடமே வந்தது. அவர் அழவில்லை. "அவருடைய சட்டைப் பொத்தானை அங்கே யார் போட்டுவிடுவார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு காலை ஒன்பதேகால், மோரீன் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். ஹார்ட்லி அறையில் சத்தமே இல்லை. எங்களுக்கு அமைதி என்றால் பயம், ஓடினேன். உள்ளே தேவராஜா அண்ணா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்காரக் கூடாது. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் மேசையில் அந்தப் பந்தயத் தாள். வாய்வரை வந்துவிட்டது, கத்தியிருப்பேன். ஹார்ட்லியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். அவர் முன்னால் குனிந்து, புருவத்தைச் சுருக்கி, படித்துக்கொண்டிருந்தார்.

தாளில் குதிரைகளின் பெயர்கள் இருந்த பத்தியின் மேல் ஒரு நீள அட்டைத் துண்டு கிடந்தது. தேயிலைப் பெட்டியில் வெட்டியது. குதிரைப் பெயர் ஒன்றுமே தெரியாது, எண்களும் ஓட்டுபவர்கள் பெயரும்தான் தெரியும்.

அண்ணா பென்சிலை நாலாம் குதிரையில் வைத்தார். ஹார்ட்லி இடது கையால் அதைத் தள்ளினார். விரலை நகர்த்தி, அந்தக் குதிரையின் பழைய ஓட்டங்களில் இரண்டு 'பி'யைத் தொட்டு, மேலே ஓரத்தில் மைதானம் சேறு என்று போட்டிருந்த இடத்துக்கு வந்தார். பிறகு ஏழாம் குதிரை.

"ஏழுக்குப் பாரம் கூட, சேர்" என்று அண்ணா தன் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹார்ட்லி மூன்று விரலைக் காட்டினார். அண்ணாவுக்குப் புரியவில்லை. மறுபடி மூன்று விரல். பிறகு ஏழாம் குதிரையை ஓட்டுபவன் பெயருக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்த 3 என்ற எண்ணைத் தட்டிக் காட்டினார்.

அண்ணா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்போதுதான் நான் நிற்பதைக் கவனித்து எழுந்துவிட்டார். பயந்துவிட்டார் என்பது தெரிந்தது.

"நான் இதைக் காணேல்லை, தங்கச்சி. அவர் கண்டிட்டார். இந்த ஜொக்கி இன்னும் பழகுற ஆள். அப்பிடிப் பட்டவருக்கு மூண்டு இறாத்தல் பாரம் குறைச்சுக் குடுப்பினம். அப்ப ஏழாம் குதிரைக்குப் பாரம் கூட இல்லை."

அந்த அறை வாசலில் நின்று எனக்கு வந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. சேறு, பாரம், பழகுநர் சலுகை என்று மூன்றைக் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வருகிற மனிதரைப் பற்றித்தான் புரிந்துகொள்ளும் திறன் இல்லை என்று நான் எழுதியிருந்தேன்.

என் தேநீர் இடைவேளையில் தேவராஜா அண்ணாவைத் தேடிப் போனேன். அதுவரை அவர் கதையை நான் கேட்டதே இல்லை. தொண்ணூற்றைந்தில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த பிறகு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி, ரேஸ் புக்கி என்கிற பந்தயக் கடை ஒன்றில் எழுத்து வேலை பார்த்தாராம். கொழும்பில் மூலைக்கு மூலை அப்படிக் கடைகள், கண்ணால் காணாத இங்கிலாந்துக் குதிரைகளுக்காக ஜனம் முண்டியடிக்குமாம். பலகையில் பட்டியலைச் சுண்ணக்கட்டியால் எழுதுவது இவர் வேலை. எழுதி எழுதியே எந்தக் குதிரை எந்த மண்ணில் ஓடும் என்று பிடிபட்டுவிட்டது.

"ஆனா காசு வைக்கிறேல்லை. கடைக்கு வாற ஆக்களின்ர முகத்தை ஒவ்வொரு நாளும் பாத்தனான். எனக்கு அது காணும்" என்றார்.

"அப்புறம் எதுக்கு அண்ணா இந்த வட்டமெல்லாம்?"

"முதல்ல மண்ணைப் பாக்க வேணும். பிறகு தூரம், பிறகு பாரம். பேரை மறைக்க வேணும், வடிவான பேர் ஆளை ஏமாத்திப் போடும். இதெல்லாம் யோசிக்கேக்க அரை மணித்தியாலம் வேற ஒண்டும் மண்டைக்குள்ள வராது. விடியப் பாத்தா சரியோ பிழையோ தெரியும். இங்க வந்து பதினொரு வருசம் விசாவுக்கு இருந்தனான். யோகா அங்க வவுனியாவில. எனக்கு வேற எந்தக் கேள்விக்கும் விடியப் பதில் வந்ததில்லை."

யோகா அவர் மனைவி. போன வருடம்தான் வந்து சேர்ந்தார். பதினொரு வருடம் மனைவியைப் பிரிந்திருந்தவர், இன்னொரு ஜோடி பிரியப் போவதைப் பார்த்துக்கொண்டு வாளியோடு போய்வந்திருக்கிறார். நான் அதட்டியும், வேலை போனாலும் போகட்டும் என்று, விடுமுறை நாளில் பஸ் பிடித்து வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். இது தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சங்கடப்பட்டு, பிஸ்கட் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

வியாழக்கிழமை டாக்டரிடம் நான்தான் கேட்டேன், தேவராஜா அண்ணாவையும் அறைக்குள் விட வேண்டும் என்று. துப்புரவுப் பணியாளர் எதற்கு என்று மேனேஜர் இழுத்தார். கத்துவதற்கு எனக்குக் கடைசியில் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. கத்தினேன்.

டாக்டர் கேட்ட தேதியை ஹார்ட்லி தப்பாகச் சொன்னார். நாட்டின் பிரதமர் யார் என்றதற்கு "வெதர்பி" என்றார். மோரீன் முழங்காலைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார். பிறகு அண்ணா அன்றைய தாளை வைத்து, அட்டையால் பெயரை மூடினார். டாக்டர் கெட்டிக்காரப் பெண். ஆறு குதிரைகளை மோசத்திலிருந்து நல்லது வரை வரிசைப்படுத்தச் சொன்னார். அதே ஆறு குதிரைகளின் வரிசை எண்ணையும் இடத்தையும் மட்டும் கலைத்து வேறொரு தாளில் தானே எழுதி, மறுபடி கேட்டார். ஹார்ட்லி போட்ட வரிசை மாறவில்லை. ஒரு குதிரையை ஏன் ஒதுக்கினீர்கள் என்றதற்கு, தூரம் எழுதிய இடத்தைத் தட்டிக் காட்டி, மூச்சு வாங்குவதுபோல் நடித்துக் காட்டினார். டாக்டர் சிரித்துவிட்டார். இவர் எங்கேயும் போக வேண்டாம், பேச்சுப் பயிற்சியாளர்தான் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மோரீன் கணவர் பக்கம் திரும்பினார். "கல்யாணத்தன்று, குதிரைப் பக்கமே போக மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தவர்" என்றார். "தோட்டத்துக் கொட்டகையில் தினமும் காலையில் தச்சு வேலை செய்கிறார் என்று நினைத்தேன். ஐம்பது வருடத்தில் ஒரு முக்காலிகூட வெளியே வரவில்லை." முழுப் பூசணிக்காய் இப்படிச் சோற்றில் மறைந்திருக்கிறது. ஹார்ட்லி அவசரமாகத் தன் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார், காசு கட்டியதில்லை என்பதற்கு. அந்த அம்மா அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முடிவு வந்தது. ஹார்ட்லி நல்லது என்ற குதிரை நாலாவதாக வந்தது. அண்ணாவுடையது கடைசி.

நான் கோப்பைத் திறந்து என் பழைய குறிப்புக்குக் கீழே எழுதினேன்: என் கணிப்பு தவறு. எண்களின் பொருளைத் துப்புரவுப் பணியாளர் திரு. தேவராஜா முன்பே என்னிடம் சொன்னார், நான் கேட்கவில்லை. இவர் இன்று மனைவியோடு இருப்பது அவரால்தான். எழுதியதை அவரிடம் சொன்னேன். நன்றி சொல்வதற்கு எனக்குத் தெரிந்த வழி அதுதான். அவர் முகம் வெளுத்துப்போனது.

"என்ர பேரை ஏன் எழுதினனீங்கள்? அழிக்க ஏலாதோ?"

மற்ற பக்கங்களை மறைத்துக்கொண்டு அந்த வரிகளை மட்டும் காட்டினேன். விரல் வைத்து வாசித்தார். முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். கையுறையைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்ச வந்த நாள் துவக்கம் எத்தினை விசா ஃபைலில என்ர பேர் கிடக்குது, தங்கச்சி" என்றார். "நான் என்ன பிழை செய்தனான் எண்டு விசாரிக்காம, நல்லது செய்தவன் எண்டு எழுதினது இதில மட்டும்தான்."