உப்புச் சுவரில் ஒரு தியேட்டர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்காது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதன் பிறகு எழுதியதெல்லாம் தோல் கட்டுகளின் மேல் மையால் போட்ட எண்களும் ஊர்ப் பெயர்களும்தான். எந்த ர, எந்த ற என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. வரிகள் போகப்போக மேலே ஏறிவிடும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நேரில் சொல்லலாம்தான். எனக்குப் பேச வராது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காது. வீட்டில் மகன் முன்னாலும் அப்படித்தான். போன வாரம் அவன் சாப்பிட்டுக்கொண்டே, கீழ் ரூமில் ஹோம் தியேட்டர் வைக்கப் போவதாகச் சொன்னான். அளந்து பார்த்துவிட்டானாம். செல்போனில் படம் வரைந்து காட்டினான். செல்போனை அவன் பக்கமே தள்ளிவிட்டேன். "என்னத்தா, வேணாமா?" என்று கேட்டான். எங்களில் அப்பாவை அத்தா என்போம். தலையை ஆட்டினேன். வேண்டும் என்று ஆட்டினேனா, வேண்டாம் என்று ஆட்டினேனா, அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் தரைக்குக் கீழே அறை உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். என் தாத்தா காலத்தில் பச்சைத் தோலை வாங்கி, உப்புத் தடவி, அந்த அறையில்தான் அடுக்கி வைப்பார்களாம். பிறகு தோல் மண்டி ஊருக்கு வெளியே போய்விட்டது. நான் பார்க்கும்போது கீழ் ரூம் வெறுமனே கிடந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். உச்சியில் தெருவை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக ஆட்கள் தெரிய மாட்டார்கள். கால்கள் மட்டும் போகும், வரும்.

நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடையில் மாமா அரபு நாட்டிலிருந்து லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. அவர்கள் இருவருக்கும் தாய் தகப்பன் இல்லை. வத்தலக்குண்டில் உறவுக்காரர் வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அதனால் மாமாவுக்கு லீவு என்றால் எங்கள் வீடுதான். அந்த முறை அவர் டிவி, வீடியோ டெக், ஆம்ப்ளிஃபயர், சின்னதும் பெரியதுமாக ஐந்து ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். அங்கே அவர் ஒரு பணக்காரர் வீட்டில் டிரைவர். அந்த வீட்டில் பூமிக்கு அடியில் சினிமா பார்க்கவே ஓர் அறை இருந்ததாம்.

"அதுக்குப் பேரு ஹோம் தியேட்டரு, அக்கா," என்றார் அம்மாவிடம். "டிக்கெட் எடுக்க வேணாம், துப்பட்டி போட வேணாம், மச்சான்ட்ட கேக்க வேணாம். அம்புட்டும் வீட்டுக்குள்ளயே."

என் அத்தா கைகழுவிக்கொண்டிருந்தார். "என்ட்ட கேக்க வேணாமா? அப்ப நான் யாரு மாப்ள, கேட்டுல நிக்கிறவனா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் மாமாவும் வாரம் தவறாமல் மேட்னி பார்த்தவர்கள். கல்யாணமாகி வந்த பிறகு அம்மா ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. அத்தா தடுத்தார் என்று யாரும் சொன்னதில்லை. அம்மா கேட்டாள் என்றும் யாரும் சொன்னதில்லை.

டிவி வந்ததில் அத்தாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார். முந்திய வருஷம் பக்கத்துத் தெருவில் ஒருவர் மாடியில் ஆன்டெனா நட்டபோது, பிள்ளைகள் ஓத வராமல் போய்விடுவார்கள் என்று நேரில் போய்ச் சொல்லி, அதை இறக்க வைத்தவரே அவர்தான். இப்போது அவர் கூடத்திலேயே டிவி. ஆனால் மச்சினன் ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? அதுவும் பெற்றவர்கள் இல்லாத பையனிடம்.

மூன்றாம் நாள் அவராகவே சொன்னார். "மேல வேணாம் மாப்ள. தெருவுல போறவன் வாரவன் எல்லாம் எட்டிப் பாப்பான். கீழ் ரூம்ல வச்சுக்கங்க."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் நம்ப முடியவில்லை. மாமாவுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. "நானும் அதத்தான் நெனச்சேன் மச்சான். அங்கயும் பூமிக்கு அடியிலதான். ஈரம் கீரம் வருமா?"

"இந்த வெயில்லயா? தொட்டுப் பாருங்க, கருவாடு மாதிரி காஞ்சு கெடக்கு."

அது பொய் இல்லை. சித்திரை மாதத்தில் அந்தச் சுவர் அப்படித்தான் இருக்கும்.

நான் நடுவில் புகுந்து, "மாமா, அந்தச் செவரு உப்பா இருக்கும்" என்றேன்.

"ஒனக்கு எப்பிடிலே தெரியும்?"

"நக்கிப் பாத்திருக்கேன்."

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏக்கா, சோத்துக்கு வெஞ்சனம் எதும் வைக்கிறியா இல்லையா? எம் மருமகன் செவத்த நக்கிட்டுத் திரியிறான்." அம்மா என் தலையில் தட்டினாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அத்தாதான். அவர் அப்படிச் சிரிக்கிறவர் இல்லை. என்னால் அவர் சிரித்தாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றே மாமா வேலையைத் தொடங்கிவிட்டார். டேப்பால் அளந்து, டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் பென்சிலால் வரைபடம் போட்டார். அறை நடுவில் நின்று கையைத் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். "பாத்தியா, சத்தம் திரும்பி வருது. வரக்கூடாது. அது போன எடத்துலயே இருக்கணும்" என்பார். அதற்காக முட்டைக் கடைகளில் சொல்லிவைத்து நூறு முட்டைத் தட்டு வாங்கி வந்தோம். ஜன்னலைச் சாக்கால் அடைத்தோம். பின்னால் உட்காருகிறவர்களுக்கு முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்கப் பலகையில் ஒரு மேடை அடித்தார். சுவரைச் சுரண்டி, இருட்டாக இருந்தால்தான் படம் எடுப்பாகத் தெரியும் என்று கருநீல பெயிண்ட் அடித்தார். டிவிக்குச் சுவரிலேயே மாடம் வெட்டினார். வயரைச் சுவரோடு சுவராகக் கிளிப் வைத்து அடித்ததும் அவரேதான்.

அந்த வரைபடத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வட்டம் போட்டு, 'அக்கா' என்று எழுதியிருந்தார். ஐந்து ஸ்பீக்கரும் அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அடுப்படியை விட்டு வர நேரமில்லாததால் நான் பலகை மேல் ஏறி அந்த இடத்தில் நிற்பேன். "ஒங்கம்மா ஒக்காந்தா தல இம்புட்டு ஒசரம்தான வரும்?" என்று என் நெஞ்சில் சாக்பீஸால் கோடு போடுவார்.

அத்தா ஒரே ஒரு தடவை கீழே இறங்கி வந்தார். நீலச் சுவரை உள்ளங்கையால் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார். வயர் போகிற வழியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நல்லாருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

எல்லாம் முடிகிற சமயத்தில் மூன்று நாள் சாயங்காலம் கோடை மழை பெய்தது. உப்பு ஏறிய சுவர் மழைக்காற்றுப் பட்டால் தானாக வேர்க்கும். மேலே ஒரு சொட்டு விழ வேண்டியதில்லை, உள்ளே இருக்கிற உப்பே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த உப்பு ஈரத்தில் கரண்ட் பாயும். தோல் வியாபாரம் செய்கிற வீட்டில் இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும் என்று சொல்லலாம். எங்கள் மண்டியில் சுவரை ஒட்டி ஒரு வயர்கூட ஓட அத்தா விட்டதில்லை. பல்பெல்லாம் கூரை நடுவிலிருந்து தொங்கும். இதை நான் பிற்பாடு மண்டிக்கு வேலைக்குப் போனபோதுதான் கவனித்தேன். முதல் நாளே கவனித்தேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

முதல் படம் போட மாமா ஒரு வியாழக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தார். மண்டிக்கு லாரி வருகிற நாள் அது. அத்தா கட்டாயம் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா கூச்சமில்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரையும் அம்மா கூப்பிட்டிருந்தாள். பெருநாளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு மாமா காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். நீலச் சுவரில் ஆங்காங்கே கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது. மாமா ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கினார். தண்ணீர் வழிந்தது. "பெயிண்ட் இன்னும் சரியா காயல" என்று துண்டால் துடைத்துவிட்டார்.

எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். "அத்தா வந்துட்டா இருமு. நான் ஒடனே நிறுத்திருவேன்" என்றார்.

படம் ஓடத் தொடங்கியது. ஐந்து பக்கமிருந்தும் சத்தம் வந்தது. அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள், ஆள் யாரும் நிற்கிறார்களா என்று. பிறகு சிரித்தாள். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் தற்செயலாக மேலே பார்த்தேன். படிக்கட்டு உச்சியில் இரண்டு கால்கள். அத்தாவின் கால்கள். தளம் மறைத்ததால் முகம் தெரியவில்லை, நெஞ்சு வரைதான் தெரிந்தது. படியின் தலைமாட்டில்தான் வீட்டுக்கே உள்ள மெயின் சுவிட்ச் இருக்கும், பழைய இரும்புப் பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. அத்தாவின் வலது கை அந்தக் கைப்பிடியின் மேல் இருந்தது. சாய்ந்துகொள்ளப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இருமலாமா என்று யோசித்தேன். மண்டிக்குப் போகாமல் சத்தம் காட்டாமல் வந்து நிற்கிறாரே, அத்தாவுக்கும் படம் பார்க்க ஆசை போலிருக்கிறது, வெட்கப்படுகிறார் என்று தோன்றியது. அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் இருமவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்பீக்கர் கரகரத்தது. மாமா எழுந்து போய், ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறு கையை ஆம்ப்ளிஃபயர் பின்னால் கொடுத்தார். அவர் கத்தவில்லை. உடம்பு மட்டும் ஆடியது. பல் தெரிந்தது. மாமா எப்போதும் ஏதாவது கோமாளித்தனம் செய்கிறவர் என்பதால் பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனை நேரம் சிரித்தோம் என்று எனக்குத் தெரியாது.

முதலில் புரிந்தது அம்மாவுக்குத்தான். "தம்பி" என்று எழுந்து ஓடி அவரை இழுக்கக் கையை நீட்டினாள். இன்னும் ஒரு முழம் இருந்திருக்கும். அறை இருண்டுவிட்டது. மாமா விழுகிற சத்தம் கேட்டது. மேலே அத்தா மெயினை இறக்கியிருந்தார்.

இதைப் பற்றி நான் எத்தனையோ வருஷம் யோசித்துவிட்டேன். அத்தா கெட்டவர் இல்லை. தன் வாயால் சொல்ல முடியாததைச் சுவர் சொல்லட்டும் என்று விட்டிருப்பார். நாலு மாதத்தில் வயர் அரித்து, பெட்டி கெட்டு, எல்லாம் தானாக நின்றுபோகும் என்று நினைத்திருப்பார். மழை பெய்த பிறகுதான் பயம் வந்திருக்கும். அதனால்தான் லாரியை விட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறார். இறங்கி வந்து, நிறுத்துங்கள் மாப்ள, சுவரெல்லாம் உப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இருமியிருந்தாலும் போதும்.

மாமாவை மேலே தூக்கிவந்து கூடத்தில் படுக்க வைத்தோம். உயிர் இருந்தது. வலது உள்ளங்கை வெந்து வெள்ளையாகிப் போயிருந்தது. அந்தக் கையில் இரண்டு விரல் அவர் சாகும்வரை மடங்கவில்லை. கொஞ்சம் தெளிந்ததும் இடது கையால் அத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், நீங்க இல்லாட்டி நான் இன்னிக்கு மையத்தாப் போயிருப்பேன்" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள், "ஆம்பள ஆளு வீட்டுல இருந்தது அல்லாவே அனுப்பி வச்ச மாதிரி" என்று மாறி மாறிச் சொன்னார்கள். அத்தாவின் உள்ளங்கையில் கைப்பிடியின் துரு ஒட்டியிருந்தது.

அம்மா மாமாவின் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அத்தாவைப் புகழ்கிறார்களே, நமக்குத் தெரிந்ததையும் சொல்வோம் என்று எனக்கு ஆசை வந்தது. கூச்சத்தை விட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"அத்தா இப்ப ஓடி வரலம்மா. படம் போட்டதுலருந்து அங்கதான் நின்னாரு. மெயின் மேலயே கைய வச்சுக்கிட்டு நின்னாரு. நான் பாத்தேன்."

அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். அத்தாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் சேர்த்து, உள்ளங்கையால் என் வாயை இறுகப் பொத்தினாள். மாமா கண்ணை மூடியிருந்தார். "என்னக்கா சொல்றான் மருமகன்?" என்று முனகினார். "ஒண்ணுமில்லப்பு. நீ செத்த நேரம் தூங்கு" என்றாள். கையை எடுக்கவில்லை.

நாலு பேர் முன்னால் அத்தாவை அவ்வளவு பெருமையாகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்றுதான் பொத்துகிறாள் என்று நான் நினைத்தேன். சரியான நேரத்தில் சரியானதைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அந்தக் கைக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருஷம் கழித்து இதைத் தாளில் எழுதியது அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, ஞாயிறு, வெளியே மழை.