டெண்ட் காட்சி

தாம்பரம் ஸ்டேஷன் வெளிச்சுவரில் அந்தத் தாளை ஒட்டியவனுக்குப் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். வருஷம் எழுபதோ எழுபத்தொன்றோ. வேலை எதுவும் கிடையாது. யாராவது எதையாவது செய்துகொண்டிருந்தால் பக்கத்தில் போய் நிற்பேன். அதனால் அது என்னவென்று எனக்குத் தெளிவாகத் தெரியும். பட்டாளத்தில் கழித்த ஜீப்புகளையும் கூடாரங்களையும் செப்பனிட்டு விற்கிறவர்கள், கூடுவாஞ்சேரிக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டலில் அவற்றைக் காட்டப்போகிறார்கள். தாளில் பெரிய எழுத்தில் இருந்தது: ‘ஜீப், டெண்ட் காட்சி. ஞாயிறு பகல் மூன்று மணி.’

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது ஜீப்பை விட்டுவிட்டேன்.

“ஞாயித்துக்கெயம டெண்ட் காட்சிக்குப் போலாமா?”

எங்கள் பக்கத்தில் டெண்ட் என்றால் டெண்ட் கொட்டாய்தான். கித்தான் கூரை, மணல் தரை, சினிமா. அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“இன்னா படம்?”

“போனாத் தெரியுது.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வரமாட்டாள், என்னையும் விடமாட்டாள். எட்டு மாதம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் திரும்பி வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. கல்யாணமான பிறகு அது மூன்றாவது தடவை. “இனிமே எங்கியும் போவமாட்டேன்” என்று சொல்லியிருந்தேன். இப்போது சினிமாவுக்குக் கூப்பிட்டதும், பேச்சு நிஜம்தான்போல என்று நினைத்துக்கொண்டாள். முகத்திலேயே தெரிந்தது.

அவள் ஒரு டீச்சரம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். ஞாயிறென்றால் சர்ச்சிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள், வேலை அதிகம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, சினிமாவுக்குப் போகிறோம் என்று சொல்லி, அவர் கொடுத்த மல்லிகையை வைத்துக்கொண்டு வந்தாள். மணலில் விரித்து உட்கார ஒரு பழைய புடவை. மடியில் வேகவைத்த கடலை.

பொட்டலில் ஜீப்புகள் மண்மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சேற்றுக் குழியில் விழுந்து, உறுமி, தானே ஏறி வந்தது. அந்தப் பக்கம் வரிசையாகக் கூடாரங்கள். உள்ளே மடக்குக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு. நான் அவளை மறந்தேன். அதுதான் உண்மை.

ஒரு கூடாரத்தின் நடுக்கம்பை நிறுத்த முடியாமல் இரண்டு பேர் தடுமாறினார்கள். நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன், முளை அடித்தேன். மேற்பார்வை பார்த்தவர் கிட்டே வந்தார்.

“எங்கப்பா கத்துக்கிட்ட?”

“ரோடு போடற எடத்துல, சார்.”

“சர்வே பார்ட்டி ஒண்ணு புதன்கெழம கெளம்பி ஆறு மாசம் மலைக்குப் போகுது. டெண்ட் அடிக்க ஆள் வேணும். கல்யாணம் ஆனவன எடுக்கறதில்ல, பாதியில ஓடி வந்துடறான். உனக்கு ஆயிடுச்சா?”

“ஆவல, சார்.”

யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் பெரிய கூடாரத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். என் மனைவி புடவையை விரித்து, கூடாரத்தின் வெள்ளைத் துணிச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் பின்னால் இடம் பிடித்திருந்தார்கள்.

“யம்மா, இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீற?” என்றான் ஒரு வேலையாள்.

“படம் எப்பண்ணா போடுவீங்க? பொம்பளைங்க பக்கம் இதானே?”

“படமா! டெண்ட்டேதாம்மா காட்சி!”

மறுபடி சிரிப்பு. பின்னாலிருந்த பெண்கள் “பேஜாராப் பூட்ச்சே” என்று எழுந்துவிட்டார்கள். மேற்பார்வையாளரும் சிரித்துக்கொண்டே கேட்டார்: “யாரும்மா உன்ன இங்க கூட்டிட்டு வந்தது?”

அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் சுத்தியல் இருந்தது. நான் குனிந்து, ஏற்கெனவே இறங்கியிருந்த முளையை இன்னும் இரண்டு அடி அடித்தேன்.

“யாரும் இல்ல, சார்” என்றாள். “நானாத்தான் வந்தேன். பேப்பர்ல தப்பாப் பட்ச்சிட்டேன்.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்தாவது வரை படித்தவன் நான்.

திரும்பும்போது ரயிலில் கடலை மூட்டையைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். “துன்னு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஆளு உன்ன இன்னா கேட்டாரு?”

“சும்மா பேசிக்கினு இருந்தாரு.”

வாசலிலேயே பக்கத்து வீட்டு அக்கா பிடித்துக்கொண்டாள். “இன்னாடி, படம் சோக்கா கீதா?”

“சோக்காத்தான் கீதுக்கா. ஒருத்தன் பொண்டாட்டிய எங்கியோ இட்டுக்கினு போறான். அங்க போயி, அவ யார்னே தெரியாதமாரி நிக்கிறான்.”

“அடப்பாவி! அப்பறம்?”

“கரண்ட்டு பூட்ச்சி. மிச்சம் பாக்கல.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “இன்னா தம்பி, நீயாச்சும் சொல்லேன். கடைசில இன்னா ஆவான் அவன்?”

“எனக்கும் தெரியலக்கா” என்றேன்.

எனக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை காலை அவள் வேலைக்குப் போனதும் கிளம்பினேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பையை எடுக்கப் போனபோது, அந்தப் பழைய புடவையை நாலாக மடித்து அதன்மேல் வைத்திருந்தாள்.

மலையில் தரை முழுக்கக் கல். அந்தப் புடவையைத்தான் விரித்துப் படுத்தேன். முதல் தடவை உதறியபோது கடலைத்தோல் நாலைந்து விழுந்தது. கூட இருந்தவன் ஒருத்தன், “கல்யாணம் ஆவாதவனுக்கு ஏதுடா பொடவ? யாருது?” என்று கேட்டான்.

அக்காவுது என்றேன்.