சோதிக்க முடியாத பீரங்கி

சதுரங்கப்பட்டினம் கடைவீதியில் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்ட நிற்கிறேன். பக்கத்து லேத் பட்டறை கரீம் பாய் உள்ளே கூப்பிடுகிறார். மேசைமேல் முழ நீளப் பித்தளைப் பீரங்கி மின்னுகிறது. நோன்பு திறக்கும் நேரத்தை ஊருக்குச் சொல்ல அவரே கடைந்தது, இன்றுதான் முடிந்திருக்கிறது.

“நம்மூரு டச்சுக் கோட்டை வாசல்ல பழைய பீரங்கி கீதே, அத்தப் பாத்துதான் செஞ்சேன். மொதல்ல இரும்பு பைப்பு, வாய் பொளந்துக்கிச்சு. அப்பால வெல்டிங் வச்சேன், திரி ஓட்டை பெருசாப் போயி புஸ்ஸுன்னுச்சு. இது முழுப் பித்தளைக் கட்டி, நடுவுல துளை போட்டுக்கீறேன்.”

“இதை வெடிச்சுப் பாத்தீங்களா பாய்?”

“எங்க? அது ரெண்டும் நோன்பு மாசத்துக்கு மின்ன வெடிச்சது. இப்போ பகல்ல வெடிச்சா ஊரே பேரீச்சம்பழத்த வாயில போட்டுக்கும்!”

ஆக, முதல் வெடியே நிஜ வெடி. பட்டறை வாசலில் பீரங்கியை வைத்ததும், கடைவீதி முழுக்கக் கையில் பழத்தோடு எங்களையே பார்க்கிறது. பொழுது சாய்ந்து நேரம் வந்ததும் பாய் ஊதுவத்தியை என்னிடம் நீட்டுகிறார்.

“விருந்தாளி நீங்க. நீங்களே பத்த வைங்க.”

திரியில் வைக்கிறேன், சிரிப்பு அடங்கவில்லை. டமார்! காக்கைகள் சிதறுகின்றன. தெருவே பழத்தை மெல்லுகிறது.

வீட்டில் நாலு பேருக்குச் சோறு போடவே முணுமுணுப்பவள் நான். இன்று ஒரே ஊதுவத்தியில் ஊரையே சாப்பிட வைத்துவிட்டேன்.