சிவக்கொழுந்து அக்காவின் சாத்தாவாரிப் பாத்தி

எங்கள் கரவெட்டியில் சாத்தாவாரியை யாரும் விதைத்து வளர்த்ததில்லை. வேலியில் தானாகப் படரும் முட்கொடி அது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் போதாவிட்டால் அதன் கிழங்கைத் தோண்டி, இடித்து, பசுப்பாலில் காய்ச்சிக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து அக்காவுக்கு மட்டும் வேலி கைகொடுக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டிலும் அறுபதிலும் பெற்ற ஆண் பிள்ளைகள் இரண்டும் தாய்ப்பால் போதாமல், மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல், வயிற்றோட்டத்தில் போய்விட்டன. இரண்டு முறையும் வேலியில் அகப்பட்டது விரல் பருமன்கூட இல்லாத வற்றல் கிழங்கு.

அடுத்த பிள்ளையையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். சிவந்த பழங்களைப் பறித்துத் தோலைக் கசக்கி நீக்கி, கறுத்த விதைகளை ஊறவைத்து, எருவும் மணலும் கலந்த பாத்தியில் ஊன்றினாள். ஒரு மாதமாக ஒன்றையும் காணவில்லை. பிறகு நூல் நூலாக முளைத்தது. ஆடு கடிக்காமல் ஓலையால் அடைத்தாள். கிழங்கு பருக்க இரண்டு வருடமாவது செல்லும் என்றார் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார். அதுவரை புருஷன் கதிரவேலுவைக் கிட்டவும் விடவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "கிழங்கு முத்தினாப் பிறகுதான் பிள்ளையாம்" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தியும் பிள்ளையைப் புதைத்தவள் இல்லை.

மறுபடி கர்ப்பமானாள். பிள்ளை பிறந்த பிறகு குடிக்கச் சொன்ன மருந்தைக் கடைசி மாதமே தொடங்கிவிட்டாள். "பிள்ளை வந்து பாலுக்குக் காத்திருக்கக் கூடாது" என்றாள்.

பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி, உயிரில்லாமல் பிறந்தது. கிழங்கில் ஒரு குற்றமும் இல்லை.

பால் பொங்கி வந்தது. சட்டை நனைந்தது, பாய் நனைந்தது. மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியும் நிற்கவில்லை. சிரட்டையில் பீய்ச்சி, கால் படாத இடமென்று அந்தப் பாத்தியிலேயே ஊற்றினாள். எனக்குக் கடவுள்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை. கொடியைப் பிடுங்கி எறிவாள் என்று நினைத்தோம். இன்னும் இரண்டு பாத்தி போட்டாள். உடுப்பிட்டியிலிருந்துகூடக் கிழங்குக்கு வந்தார்கள். வந்தவர்கள் பிள்ளையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். மூன்றைப் பறிகொடுத்தவளின் கண் பட்டுவிடுமாம். அவள் கிழங்கு வேண்டும், கண் வேண்டாம். வெட்கம்கெட்டவர்கள்!

எழுபத்திரண்டில் எனக்கு மகன் பிறந்தபோது அக்காவின் கிழங்கில்தான் பால் ஊறியது. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு நேரே அவளிடம் போனேன். எங்களைக் கண்டதும் அவள் வேலிப்பக்கம் திரும்பி நின்றாள்.

"அக்கா, உங்கடை கிழங்கிலை வளந்தவன். ஒருக்காப் பாருங்கோ."

"கொண்டு போ தங்கச்சி."

"ஊர்க்கதையை விடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"நீ சொல்லமாட்டாய். உவனுக்கு நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் நான் நினைப்பனெல்லே" என்றாள், திரும்பாமலே.