கார் இல்லாத ஊரில் கார் கம்பெனிக்கு எதிராகப் போராட்டம்

இன்று காலை எங்கள் ஊரே திரண்டு போய் ஒரு கார் கம்பெனியை எதிர்த்துக் கோஷம் போட்டது.

எங்கள் ஊரில் ஒருவரிடமும் கார் கிடையாது!

(கொல்லிமலை, வளப்பூர் நாடு. பஸ்ஸை விட்டால் பைக், பைக்கை விட்டால் கால்.)

விஷயம் இதுதான். கீழே சமவெளியில் ஒரு பெரிய கார் கம்பெனி நஷ்டத்தில் விழுந்து கதவைச் சாத்திவிட்டது. அதைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் பெரிய தொகை கொடுக்கப் போவதாக அறிவித்தது.

இங்கே மேலே, போன மழையில் எங்கள் மிளகுக் கொடியெல்லாம் வேர் அழுகிச் செத்துப்போனது. மனு மேல் மனு கொடுத்தோம். வந்து பார்க்கக்கூட ஆள் இல்லை.

கோபம் வருமா, வராதா?

வந்தது. கொஞ்சம் தள்ளி மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் போராட்டம் என்று முடிவானது.

ஊர்ப்பொதுக் காரியம் என்றால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும். ஒரே ஒரு ஆள். அவர் நின்றால் அந்த வீடே நின்றதாகக் கணக்கு. வராத வீட்டை எங்கள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கேட்பார். (அதற்குப் பயந்தே காய்ச்சலோடு வந்து நின்றவர்கள் உண்டு!)

எங்கள் வீட்டில் எப்போதும் போவது மாமனார். அழுகிப்போனதும் அவர் வைத்த கொடிகள்தான்.

இந்த முறை ஒரு சிக்கல்.

என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது அதே கார் கம்பெனியில்!

கான்ட்ராக்ட் வேலை. கதவைச் சாத்தியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். அரசாங்கப் பணம் வந்தால் கம்பெனி திறக்கும், திறந்தால் கூப்பிடுகிறோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். கொடியும் போய்விட்டது, அந்தச் சம்பளமும் இல்லை என்றால் எங்கள் அடுப்பு எரியாது. ஒளிவு மறைவு எதற்கு?

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற பாவத்துக்கு, கோஷ அட்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நேற்று சாயங்காலம் சார்ட் பேப்பரைத் தரையில் விரித்தேன். சுருளாமல் நுனியைப் பிடித்துக்கொண்டது யார்? வீட்டுக்காரர்தான்!

"கார் கம்பெனிக்குக் குடுக்காதேன்னு எழுதச் சொல்லியிருக்காங்க. எழுதட்டுங்களா?"

"எழுது. கோணாம எழுது."

பக்கத்தில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த மாமனார் தலையைத் தூக்கவே இல்லை. காலையில் யார் போவது என்ற பேச்சை மூன்று பேரும் எடுக்கவில்லை.

அங்கேதான் தப்பு நடந்தது.

காலையில் மாமனாரைக் காணோம். மகனை அந்தக் கூட்டத்தில் நிற்கவிடக் கூடாது என்று முன்னாலேயே நடந்து போய்விட்டார். மகனோ, அப்பா சங்கடப்பட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டார் என்று நினைத்து, நம் வீடு வரவில்லை என்ற பேச்சு வரக் கூடாது என்று அவர் பங்குக்குக் கிளம்பிவிட்டார். கடைசியில் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன்.

ஒரே வீட்டில் மூன்று பேர்!

ஊர்க்கவுண்டர் முறைத்தார். "ஏம்ப்பா, ஊட்டுக்கு ஒரு ஆளுன்னா குடும்பமே வந்து நிக்கறீங்க. உங்கூட்ல யாரு நிக்கறது?"

"நான் நிக்கறேனுங்க" என்றார் மாமனார்.

"அப்பா போகட்டுமுங்க. நான் நிக்கறேன்" என்றார் வீட்டுக்காரர்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீ எந்தப் பக்கம்ப்பா நிப்ப?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் வேறு யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார்.

ஊர்க்கவுண்டர்தான் பேசினார். "ரெண்டு பேருமே நில்லுங்க சாமி. கணக்குல ஒரு ஆளுதான்." என் பக்கம் திரும்பினார். "நீ அட்டையைக் குடுத்துட்டு அந்தாண்ட நில்லு கண்ணு."

கோஷம் ஆரம்பித்தது.

"மிளகுக்கு நிவாரணம் கொடு!" மாமனாரின் குரல் அடுத்த ஊர் வரை கேட்டிருக்கும்.

"கார் கம்பெனிக்குக் கொடுக்காதே!" மாமனார் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எல்லாரையும் மிஞ்சிக் கேட்டது.

என் வீட்டுக்காரர். கையை ஓங்கி, கழுத்து நரம்பு புடைக்க, தன் சோற்றில் தானே மண் போடுகிற கோஷத்தை!

(உள்ளூர் சேனல்காரர் சரியாக அப்போதுதான் கேமராவைத் தூக்க வேண்டுமா?)

திரும்பும்போது பஸ்ஸில் மாமனார் கேட்டார். "எதுக்குச் சாமி அப்புடிக் கத்துன?"

"நீங்க கத்தலையேப்பா. நம்மூட்டுச் சத்தம் கொறையக் கூடாதில்ல."

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் வரை அவர் எங்களைப் பார்க்கவில்லை.

எனக்கு வழியெல்லாம் இதே யோசனை. அந்தப் பணத்தைக் கொடுத்தால் இவரைப் போன்றவர்கள் கைக்கு வந்து சேருமா, முதலாளியோடு நின்றுவிடுமா? யாரும் சொல்லவில்லை. கம்பெனி சாய்ந்தால் ஓடிவர ஆள் இருக்கிறது, கொடி சாய்ந்தால் இல்லை. அந்தக் கோபம் நியாயம்தான். கம்பெனி திறக்காமலே போய்விட்டால் என்கிற பயமும் நியாயம்தான். இரண்டும் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகின்றன.

சாயங்காலம் டிவி போட்டோம். அத்தனை பேர் நின்ற போராட்டத்தில் அவர்கள் பெரிதாகக் காட்டியது ஒரே முகம். யாருடையது என்று சொல்ல வேண்டுமா?

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சூப்பர்வைசர்!

இவருக்கு எடுக்கக் கை வரவில்லை. அடித்து ஓயப்போகிற நேரத்தில் மாமனார் எடுத்துக் காதில் வைத்தார்.

"அவன் கூட்டத்துக்கு வரலீங்க. எங்கூட்ல இருந்து நாந்தானுங்க போனேன். எங்கூர்ல ஊட்டுக்கு ஒரு ஆளுதானுங்க. வேணும்னா ஊர்க்கவுண்டரையே கேட்டுப் பாருங்க."

சூப்பர்வைசர் "சரிங்க பெரியவரே" என்று வைத்துவிட்டார்.

வேலை இருக்கிறதா, போய்விட்டதா? தெரியவில்லை. அப்பாவும் மகனும் இப்போது ஒரே தட்டில் பலாக்கொட்டை தின்றுகொண்டிருக்கிறார்கள்.

நண்பர்களே, லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை. இந்தப் பதிவை அந்த சூப்பர்வைசருக்கு மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள்.

கேட்டால் நீங்களும் இதையே சொல்லுங்கள்: அந்த வீட்டிலிருந்து போனது ஒரு ஆள்தான்!